ஜட்ஜம்மா சொன்ன ‘சரி’

தொலைக்காட்சியில் வரும் கதவுகளைப் பற்றிக் கதவுக்காரருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை.

அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு செய்து மாட்டிக் கொடுக்கும் பட்டறையில் அவருக்கு இருபத்தொன்பது வருஷ வேலை. நிலையைச் சுவருக்குள் இறக்கி, கீல் வைத்து, கதவைத் தூக்கி மாட்டினால், ஒரு விரலால் தள்ளும்போது சத்தமில்லாமல் போய் உட்கார வேண்டும். அதுதான் அவர் பார்வையில் கதவு. தொடர்களில் அப்படியா இருக்கிறது? மருமகள் கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினால் பக்கத்துச் சுவர் கொடியில் காயும் துணி மாதிரி ஆடுகிறது. ஒரு நாள் உள்பக்கம் திறந்த கதவு மறுநாள் வெளிப்பக்கம் திறக்கிறது. தாழ்ப்பாளுக்கு நாலு திருகாணி போட வேண்டிய இடத்தில் ரெண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவர். திரையில் ஒரு தாய் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறிக்கொண்டிருப்பாள். “நிலையே வெக்காம நேரா பலகையில கீல அடிச்சிருக்கான் பாரு,” என்பார் இவர்.

ஒரு முறை, ஒரு தொடரில் வந்த பணக்கார வீட்டுக் கதவும் இன்னொரு தொடரில் வந்த ஏழை வீட்டுக் கதவும் ஒன்றேதான் என்று கண்டுபிடித்தார். கைப்பிடிக்குக் கீழே நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது. பெயிண்ட் மாற்றியவன் அதை மறைக்க மறந்துவிட்டான். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே நடமாடினார்.

அவர் மனைவி கதவைப் பார்க்க மாட்டாள். முகத்தைத்தான் பார்ப்பாள். அவளுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் வேலை. தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் போட்டு, காலர், கைமடிப்பு, பொத்தான் என்று கண்ணை ஓட்டி, பழுது இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பழுது இல்லாவிட்டால் ஒன்றும் ஒட்ட வேண்டாம். அந்த வேலையை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். மிஞ்சிய தேக்கில் அவர் செய்து போட்ட டிவி ஸ்டாண்டுதான் அவளுடைய இரண்டாவது மேசை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய், படம் தேறவில்லை என்றால் ஸ்டாண்டின் விளிம்பில் ஓர் அம்பை ஒட்டிவிட்டு வருவாள். தேறிவிட்டால் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள். விளிம்பு முழுக்க அம்புகள் வரிசை வரிசையாக ஏறியிருந்தன. தேறிய படங்களுக்குத்தான் அந்த வீட்டில் எந்த அடையாளமும் இல்லை.

“அந்தாளு மூஞ்சியப் பாருங்க,” என்பாள். “பொண்டாட்டி செத்துட்டான்னு போன் வந்திருக்கு. மூஞ்சி பஸ்ஸ விட்டவன் மாதிரி இருக்கு.”

“போன் பேசுறவன விடு. அவன் சாஞ்சிருக்குற கதவப் பாரு. பின்னால ஒரு ஆளு பிடிச்சுகிட்டு நிக்குறான்.”

“உங்களுக்கு ஆளே வேணாம். கதவுங்கள மட்டும் நடிக்கவெச்சுப் படம் எடுத்தா உக்காந்து பாப்பீங்க.”

அவளுடைய தம்பி பஸ் டிரைவர். வார ஓய்வு நாளில் வந்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாற்றி மாற்றி ஏற்றிவிடுவான். அக்காவுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்ததும் அவன்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. ஊர்வம்பு பேசுகிற பழக்கமும் இருவருக்கும் இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முக்கால்வாசி, யாரோ நடித்ததைப் பற்றித்தான் இருக்கும்.

ஏழு வருஷமாக ஓடிய ஒரு தொடரை அவர்கள் விடாமல் பார்த்தார்கள். பெரிய குடும்பம், மூத்த மகளை யாரோ மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள், பிழைத்துக்கொண்ட அவளுக்குத் தள்ளியது யாரென்று தெரியாது. அதை வைத்தே ஏழு வருஷம் ஓட்டினார்கள். நாலாவது வருஷத்தில் ஒரு நாள் ஜட்ஜம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

“அப்பன்தான் தள்ளிருக்கான்.”

“போடி. அந்தாளு கீழ இருந்தான்.”

“வீட்டுல எல்லாரும் எப்படி விழுந்த, எப்படி விழுந்தன்னு கேக்குறாங்க. அவன் மட்டும் கேக்கவே இல்ல. வலிக்குதாம்மான்னு மட்டும்தான் கேக்குறான்.”

மொட்டை மாடிக் கதவுக்கு மாடிப் பக்கம்தான் தாழ்ப்பாள், அதைத் திறந்து வந்து தள்ள மாடியில் ஏற்கெனவே இருந்தவனால்தான் முடியும், மாடியில் இருந்தது அந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை என்று அவர் வாதாடினார். தம்பிக்காரன் பஞ்சாயத்து செய்தான். தோற்றவர் ஒரு மாதம் வாயைத் திறக்காமல் டிவி பார்க்க வேண்டும் என்று பேச்சாயிற்று.

“மாமா, உங்களுக்கு ஒரு மாசம் ரொம்ப ஜாஸ்தி. செத்துருவீங்க,” என்றான் அவன்.

“உங்க அக்காவச் சொல்லு. அவளுக்கு ஒரு நாளே தாங்காது.”

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு பிற்பகல், செக்கிங் மேசையில், தையலில் ஒரு குறையும் இல்லாத பதினொரு சட்டைகளில் வரிசையாக அம்பு ஒட்டியிருந்தாள் அவள். திரும்பி வந்த சட்டைகளைக் கையில் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளர் சத்தம் போட வந்தார். பன்னிரண்டாவது சட்டை அவள் மடியில் இருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தங்கிவிட்டது. வலது கை மடியில் கிடக்கும். கால் இழுத்து இழுத்து நடக்கும். பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. “சரி.”

டீ வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் இத்தனை வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். தம்பி முதல் தடவை அதைக் கேட்டபோது, “மாமா, முப்பத்தொரு வருஷமா நீங்க காத்துகிட்டிருந்த வார்த்தை,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல எழுந்து சமையலறைக்குப் போனான்.

மறுவாழ்வு நிலையத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, அவசரப்படாத குரல். முதல் நாளே கேட்டாள்.

“அம்மாவுக்கு எதப் பத்திப் பேசப் பிடிக்கும் சார்?”

“படத்தத் திட்டப் பிடிக்கும்.”

“அப்போ அதையே பிடிச்சுக்கலாம். கூட உக்காந்து பாருங்க. கேட்டுகிட்டே இருங்க. என்னிக்காவது ஒரு ‘இல்ல’ வரணும். இஷ்டமில்லாததுக்கு ‘இல்ல’ன்னு சொல்லிட்டாங்கன்னா, உள்ள வாசல் திறந்திருக்குன்னு அர்த்தம்.”

ஏழு மாதம் வரை வருவாள். அதற்குள் முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். தெரியாவிட்டால் அந்த நேரம், வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆக, கதவுக்காரருக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ‘இல்ல’.

அதை எப்படிப் பிடுங்குவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்தார். தப்பாகப் பேசினால் போதும். அவளுக்குப் பிடிக்காத நடிகையை வானளாவப் புகழ்ந்தார். “என்ன நடிப்பு, என்ன நடிப்பு. கண்ணுலயே பேசுறா.” அந்த நடிகையின் கண்ணைப் பற்றி அவள் முன்பு சொன்னது, உள்ளே ஆள் இல்லாத ஜன்னல் என்று.

“சரி,” என்றாள் அவள்.

மாமியாரை வீட்டைவிட்டுத் துரத்திய மருமகன் தங்கமான பிள்ளை என்றார். சரி. சண்டைக் காட்சிகள் அத்தனையும் நிஜம், யாரும் கயிறு கட்டித் தூக்கவில்லை என்றார். சரி, சரி. கடைசி அஸ்திரமாக, “இந்த வீட்டுக் கதவு அருமையான கதவும்மா, சுவரே அசையல,” என்று தன் மானத்தையும் விட்டுக்கொடுத்துப் பார்த்தார். அதற்கும் சரிதான்.

ஆனால் அவள் தலையாட்டினாள். அது அவருக்குப் பெரிய பிடிமானம். அழுகிற இடத்தில் முகம் இறுகியது. கலகலப்பான இடத்தில் உதட்டின் நல்ல பக்கம் மேலே போயிற்று. எல்லாம் உள்ளே இருக்கிறது, வாய்தான் மக்கர் செய்கிறது என்று அவர் முடிவு கட்டினார். கதவு அளவுகளை எழுதும் நோட்டிலேயே அதையும் எழுதி வைத்தார். ‘ஏழடிக்கு மூணடி, இடது கீல்’ என்று இருக்கும். அதற்குக் கீழே, ‘தாய் மகளைச் சந்திக்கும் இடம், தலையாட்டினாள்.’ பயிற்சிப் பெண் வரும் நாளில் அதை வரி விடாமல் படித்துக் காட்டுவார். அவள் கேட்டுக்கொள்வாள். “தொடர்ந்து பேசுங்க சார்,” என்பாள்.

ஏழாவது மாதம் பாதி போயிருந்தது. விடுமுறை நாள், மத்தியானம். இருவரும் பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

“கதவுக்காரரே, எங்க பாத்ரூம் கதவு உப்பிக்கிச்சு. மாமியார் உள்ள மாட்டிக்கிட்டாங்க.”

“பதறாதீங்க. அவங்கள உக்காரச் சொல்லுங்க.”

“அவங்க பதறல. உள்ள பாட்டுப் பாடிகிட்டு இருக்காங்க. எனக்குத்தான் அவசரம்.”

இழைப்புளியையும் உளியையும் தேடுகிற வேகத்தில், கையில் இருந்த ரிமோட்டை நாற்காலியில் போட்டு அதன்மேலேயே கருவிப் பையையும் ஒரு கணம் வைத்து எடுத்தார். மேலே போய், கீலைக் கழற்றி, மாமியாரை விடுதலை செய்து, கதவின் அடிவிளிம்பை இழைத்து, திரும்ப மாட்டிவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உள்ளே வந்தபோது திரையில் வேறு சானல் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ வெளிநாட்டுத் தொடர். ஒரு வார்த்தை பிடிபடாத மொழி. கீழே எழுத்துக்கூட ஓடவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஜட்ஜம்மா, வெளியூர்க் கேஸெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?”

“சரி.”

ரிமோட்டைத் தேடி எடுத்தார். மாற்றப் போன நேரத்தில் திரையில் ஒரு கிழவர் ரயில் நிலையத்தில் யாரையோ வழியனுப்பினார். வயலின் எழுந்தது. அவள் தலையாட்டினாள். முகம் இறுகியது. “சரி, சரி,” என்றாள். தாய் மகளைச் சந்தித்த இடத்தில் ஆட்டிய அதே தலை, அதே அளவு.

ரிமோட்டை அழுத்தாமல் நின்றார் அவர். பிறகு நாற்காலியை இழுத்து, டிவிக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவளை அந்தத் திசையிலிருந்து அவர் பார்த்ததே இல்லை.

பின்னால் யாரோ பேசினார்கள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. இசை வந்தது, தலை ஆடியது. சத்தத்தை நிறுத்தினார். தலை நின்றது. சத்தத்தை வைத்தார். ஆடியது. நிலை நேராக நிற்கிறதா என்று மட்டப்பலகையை வைத்துப் பார்க்கும்போது, அவருக்கு ஒரு தடவை பார்த்து நம்புகிற வழக்கம் இல்லை. மூன்று தடவை பார்ப்பார். மூன்று தடவை பார்த்தார்.

பிறகு டிவியை அணைத்தார். அளவு நோட்டை எடுத்தார். படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிற அதே குரலில், அதே இழுப்போடு படித்தார்.

“ஏழடிக்கு மூணடிம்மா. கீல் மூணு. வலது பக்கம் திறப்பு. அடியில அரை விரல் இடைவெளி.”

“சரி,” என்றாள். தலையாட்டினாள்.

அவர் நோட்டை மூடினார். ‘தலையாட்டினாள்’ என்று எழுதியிருந்த வரிகள் எதையும் அடிக்கவில்லை. டீ போட எழுந்து போனார். போட்ட பிறகுதான் தனக்கு மட்டும் போட்டிருப்பது தெரிந்தது.

அடுத்த தடவை பயிற்சிப் பெண் வந்தபோது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை ஓடாமல் இல்லை. இன்னும் நாலு நல்ல வரிகளை எழுதிப் படித்துக் காட்டினால் மூன்று மாதம் நீளும். ஆனால் கோணலாக நிற்கும் நிலையில் பெயிண்ட் அடித்து ஒப்படைப்பவர் இல்லை அவர். இருந்ததை இருந்தபடி சொன்னார்: வெளிநாட்டுத் தொடர், வயலின், ஏழடிக்கு மூணடி.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“எனக்குத் தெரியும் சார்.”

“எப்போலருந்து?”

“ரெண்டாவது வாரத்துல ஒரு சின்ன பரிசோதனை செஞ்சேன். ஜன்னலக் காட்டுங்கம்மான்னு கேட்டேன். சரின்னு சொல்லிட்டு என் கையப் பாத்துகிட்டு இருந்தாங்க. குரல் தெரியுது. உங்க குரல்னா இன்னும் நல்லாத் தெரியுது. வார்த்தை உள்ள போகல.”

“அப்பவே சொல்லிருக்கலாமேம்மா.”

“சொன்னேன் சார். மூணு தடவ. நீங்க ஒவ்வொரு தடவையும் நோட்ட எடுத்துப் படிச்சீங்க. சில பேருக்கு மெதுவா வருது. அதனால நானும் விட்டுட்டேன். என் தப்புதான்.”

அவருக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ‘புரிஞ்சுக்குறதுலயும் சிக்கல் இருக்கு சார்’ என்று ஏதோ சொல்லியிருக்கிறாள். அப்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கதவு தப்பான பக்கம் திறந்தது.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. கடைசி நாளில் அந்தப் பெண் ஜட்ஜம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வரேம்மா,” என்றாள். சரி என்று பதில் வந்தது.

அந்த வாரமே ஏழு வருஷத் தொடரும் முடிந்தது. சாயங்காலம் ஏழரை மணிக்குக் கடைசி அத்தியாயம். தம்பி வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தான். நாற்காலியை வழக்கம்போல நடுவில்தான் போட்டான். பிறகு அதை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டான்.

குடும்பம் முழுக்கக் கூடத்தில் கூடியது. ஒவ்வொரு முகமாகக் காட்டினார்கள். கதவுக்காரர் அன்று முகங்களைப் பார்க்க முயன்றார். வேறு யாரும் பார்க்கப் போவதில்லை, தானாவது பார்ப்போம் என்று. கண் நிற்க மறுத்தது. முகத்திலிருந்து வழுக்கிப் பின்னால் இருந்த நிலைக்கே போயிற்று. அழுகிறவள் நிஜமாக அழுகிறாளா, நமக்காக அழுகிறாளா? ஜட்ஜம்மா அதை எதை வைத்துக் கண்டுபிடித்தாள்? புருவத்தையா, வாயையா? ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. அவள் சொல்லி முடிக்கட்டும், நாம் கதவைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் முப்பத்தொரு வருஷம் காத்திருந்திருக்கிறார்.

திரையில் தகப்பன் எழுந்து நின்றான். மகளின் காலடியில் உட்கார்ந்தான். நான்தான்மா தள்ளினேன் என்றான்.

“அக்கா,” என்று தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “அக்கா, நீ சொன்னதுதான்க்கா. மூணு வருஷம் முன்னாடியே சொன்ன. அப்பன்தான்னு சொன்ன.”

இசை பெரிதாக எழுந்தது. “சரி, சரி,” என்று அவள் தலையாட்டினாள்.

தம்பி அவர் பக்கம் திரும்பினான்.

பெயர்கள் ஓடத் தொடங்கின. அவர் எழுந்து ஸ்டாண்டின் கீழறையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தார். பாதித் தாள் மிச்சம் இருந்தது. ஒன்றை உரித்து, அவளுடைய இடது கையின் ஆள்காட்டி விரல் நுனியில், பசை மேலே இருக்கும்படி வைத்தார். செக்கிங் மேசையில் வருஷக்கணக்காக அவள் வைத்துக்கொண்ட மாதிரியே.

“எப்படிம்மா இருந்துச்சு? தேறுமா, தேறாதா?”

அவள் விரலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வைத்தபடியே விரல் நின்றது. பெயர்கள் ஓடி முடிந்தன. சோப்பு விளம்பரம் வந்தது. பிறகு காப்பீட்டு விளம்பரம். விரல் இறங்கவில்லை. தம்பிதான் தாங்காமல் போய் அந்தக் கையை மெல்ல மடியில் இறக்கி வைத்தான்.

அம்பை அவர் தன் விரலுக்கு மாற்றிக்கொண்டார். தான் சொன்னது பலித்தது என்று அவள் அதைத் தேறவைத்திருப்பாளா? இல்லை, இதைச் சொல்ல ஏழு வருஷமா என்று ஒட்டியிருப்பாளா? ஸ்டாண்டின் முன்னால் குனிந்து நின்று ரொம்ப நேரம் யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. அம்பைத் திரும்பத் தாளில் ஒட்டினார். ஒரு முனை படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

கிளம்பும்போது தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகப் பேசினான்.

“மாமா, பந்தயம் தோத்துட்டீங்க. ஒரு மாசம் வாயத் திறக்கக் கூடாது.”

அவர் தலையாட்டினார்.

மறுநாள் ஏழரைக்கு, அதே நேரத்தில், புதுத் தொடர் ஒன்று தொடங்கியது. முதல் காட்சியிலேயே ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, கதவை அறைந்து சாத்தினாள். சுவர் முழுசாக ஒரு குலுங்கு குலுங்கியது. கைப்பிடிக்குக் கீழே நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது. இந்தத் தடவை பச்சைப் பெயிண்ட். அவர் அவள் பக்கம் திரும்பினார். பேச்சு பேச்சுதான் என்று வாயை மூடிக்கொண்டார்.

வயலின் வந்தது.

“சரி,” என்றாள் அவள்.